கண்ணாடி ஓரத்து உ

அக்டோபர் 6, திங்கள்

ஒன்றும் புரியவில்லை.

எங்கள் மருத்துவமனை ஸ்லைடுகளில், நான் பழக்கிய கம்ப்யூட்டர் மாடல் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரியாகச் சொல்கிறது. ஈரோட்டிலிருந்து வரவழைத்த இருநூறு ஸ்லைடுகளில் எழுபத்தொன்றுதான். அதே மார்பகத் திசு, அதே சாயம், அதே ஸ்கேனர். மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் எழுபத்தொன்று.

சாயங்காலம் அம்மா போனில், "நீ என்ன வேலை பாக்குறேன்னு கேட்டா நான் என்னடி சொல்றது?" என்றாள். யார் கேட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீடாக இருக்கும். சொன்னேன்: கண்ணாடித் தகட்டில் ஒட்டிய திசுவை ஸ்கேனர் படமெடுக்கும். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டர் பார்த்து, புற்றுநோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஓர் எண் சொல்லும். அந்தக் கம்ப்யூட்டருக்குப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை.

"டாக்டர் பாக்க மாட்டாங்களா?"

"பாப்பாங்க. யாரோடதை முதல்ல பாக்கணும்னு இது சொல்லும்."

நவம்பர் 3 முதல் மூன்று தாலுகா மருத்துவமனைகளில் இதைத்தான் வெள்ளோட்டம் விடப்போகிறோம். 0.1-க்குக் கீழே எண் வந்தால் அந்த ஸ்லைடு வரிசையின் கடைசிக்குப் போகும். டாக்டர் பார்க்க ஒரு மாதம்கூட ஆகலாம். நான் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

குளியலறை பல்பு மங்கிவிட்டது. மாற்ற வேண்டும். அந்த வெளிச்சத்தில் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அக்டோபர் 7, செவ்வாய்

பல்பு மாற்றியாயிற்று. இருக்கிறது. சுண்டைக்காய் அளவு. இடது பக்கம், கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடம். டாக்டர்கள் மார்பைக் கடிகாரமாக வைத்துத்தான் இடம் சொல்வார்கள். நான் நினைத்துக்கொண்டது எங்கள் வீட்டுக் கூடத்துக் கடிகாரத்தை. அப்பா செய்யச் சொல்லி வாங்கியது, முகத்தில் தமிழ் எண்கள். ௨ இருக்கும் இடம்.

அக்டோபர் 9, வியாழன்

வேறு மருத்துவமனைக்குப் போயிருக்கலாம். இங்கே கீழ்த்தளத்தில் இறங்கினால் போதும் என்பதால் இறங்கினேன். சோம்பல்தான் காரணம் என்று வைத்துக்கொள்கிறேன்.

பதிவுச் சீட்டு போடுகிறவர், "பேரு?" என்றார்.

"யாழ்வேணி."

"யாள்..."

"ழ."

"எந்த ளங்க?"

"பழத்துக்குப் போடுற ழ."

இதனால் எனக்கு ஒரு சௌகரியம். மேலே லேபில் எல்லோருக்கும் நான் வேணி மேடம். யாழ்வேணி, வயது 29, யாரோ ஒரு நோயாளி.

ஸ்கேன் பார்த்த அறுவைச் சிகிச்சை டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். "பயாப்சி எடுத்துடலாம். ஸ்டேப்ளர் மாதிரி சத்தம் வரும், பயப்படாதீங்க" என்றார். நான்கு முறை சத்தம் வந்தது. எண்ணினேன். எண்ணுவதுதானே தொழில். நான்கு மெல்லிய புழுக்கள் மாதிரித் துண்டுகள், ஃபார்மலின் டப்பாவில். மூடியில் எண் ஒட்டினார்கள். 4417.

அந்த டப்பா லிஃப்டில் இரண்டாம் மாடிக்குப் போகும். நாகமணி அக்கா திறப்பார். பத்தொன்பது வருடமாக டெக்னீசியன். லேபின் நோயியல் டாக்டர் ஷம்ஷாத் திசுவை வெட்டும்போது பக்கத்தில் நின்று அளவு எழுதிக்கொள்வதும், பிறகு மெழுகில் பதித்து, சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போடுவதும் அவர்தான். அங்கிருந்து ஸ்கேனர். ஸ்கேனரிலிருந்து நான். ஒரு சுற்று சுற்றி என்னிடமே வரப்போகிறேன்.

கை தூக்கினால் வலிக்கிறது. துணி துவைக்கவில்லை.

அக்டோபர் 11, சனி

அம்மா: "தீபாவளிக்கு என்னைக்கு வர்ற? போட்டோ கேட்டாங்க, நல்லதா ஒண்ணு அனுப்பு."

"அப்புறம் பேசலாம்மா."

"உன்னோட அப்புறத்தை எல்லாம் எங்கடி கொண்டுபோய் சேத்து வெச்சிருக்க?"

அக்டோபர் 13, திங்கள்

செய்யக் கூடாததைச் செய்தேன். ஸ்லைடு எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆளைத் தேடக் கூடாது என்பது ஆய்வின் விதி. அந்த வாசகத்தை எழுதியவளும் நான்தான். இன்று ஸ்கேன் ஆன வரிசையில் 4417 இருந்தது. தேடவில்லை, இருந்தது. ஓட்டினேன்.

0.03.

எழுந்து போய்க் கை கழுவினேன். எதற்கு என்று தெரியவில்லை. மத்தியானம் கேன்டீனில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டேன். இரண்டாவதும் சொன்னேன்.

கீழே விசாரித்தேன். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை, ஏதோ கூடுதல் சாயம் போட்டுப் பார்க்கிறார்களாம், தீபாவளி கழித்து வாங்க என்றார்கள். பண்டிகைக்கு முந்தின வாரம் எல்லாமே தாமதம்தான்.

எங்கள் ஸ்லைடுகளில் மாடல் தவறுவது நூற்றுக்கு நான்கு. 0.03 நல்ல எண். ஈரோட்டைப் பற்றி இன்று யோசிக்கப் போவதில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

யோசித்தேன்.

எங்கள் ஸ்லைடுகளிலேயே மாடல் தவறவிட்ட புற்றுநோய்களைத் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தேன். முப்பத்தொன்று. அதில் இருபத்தாறு, மே 19-க்கும் 30-க்கும் நடுவில் செய்த ஸ்லைடுகள். அந்தப் பன்னிரண்டு நாளில் என்ன ஆயிற்று? சாயம் மாறியதா? ஏ.சி. பழுதா? ஸ்டோரில் கேட்டால் ஒன்றும் மாறவில்லை என்கிறார்கள். அப்படியானால் மே மாதத்தில் மட்டும் கோயம்புத்தூர்ப் பெண்களுக்கு வேறு வகைப் புற்றுநோய் வந்ததா?

அக்டோபர் 15, புதன்

மாடல் எந்த இடத்தைப் பார்த்து முடிவு செய்கிறது என்று சிவப்பு நிறத்தில் காட்டச் சொல்லும் வழி ஒன்று உண்டு. முன்பே பார்த்திருக்கிறோம், ஆனால் திசு இருக்கும் பகுதியை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தோம். இன்று முழுக் கண்ணாடியையும் பார்த்தேன். திசு வெளிறிக் கிடக்கிறது. எண் எழுதும் பட்டைக்குக் கீழே, வெறும் கண்ணாடியின் ஓரத்தில், ரத்தச் சிவப்பாக ஒரு புள்ளி.

பெரிதாக்கினேன். நீல மை. கடுகளவில் ஓர் எழுத்து.

௨

அடுத்ததிலும் ௨. அதற்கடுத்ததிலும். திசுவின் சாயமும் நீலம் என்பதால் மாடல் அதையும் திசு என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

டாக்டர்கள் சந்தேகமான இடத்தில் பேனாவால் புள்ளி வைப்பார்கள் என்பது தெரியும். அதனால்தான் ஸ்கேன் செய்யுமுன் எல்லா மையையும் ஸ்பிரிட்டால் துடைக்கச் சொல்லி இரண்டு வருடம் முன்பே சுற்றறிக்கை விட்டேன். புள்ளி ஒன்றுகூட இல்லை. இது மட்டும் இருக்கிறது.

தமிழ் எண் இரண்டு. அப்பாவின் கடிகாரத்தில் தினம் பார்த்தது. இரண்டாவது முறை சீவிய துண்டு என்று குறிக்கிறார்கள். சந்தேகம் வந்தால்தானே இரண்டாவது முறை சீவுவார்கள். ஆகவே புற்றுநோய் ஸ்லைடுகளில் அதிகம் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். எழுந்து டாக்டர் ஷம்ஷாத் அறைக்கு ஓடினேன்.

அவர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தார். "தமிழ் எண்ணா? எங்க லேப்லயா? எனக்கு ஒண்ணுக்கு மேல தெரியாதும்மா. ரெண்டாவது சீவலுக்கு நாங்க பென்சில்ல எல்-டூன்னு போடுவோம். நீ ரொம்பப் படிச்சிட்ட வேணி."

பிறகு தலையைத் தூக்கி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சாப்பிட்டியா?" என்றார். மணி பதினொன்று.

பதிவேட்டைப் பார்த்தேன். இரண்டாவது முறை சீவியவற்றுக்கும் ௨-வுக்கும் சம்பந்தமே இல்லை.

அக்டோபர் 16, வியாழன்

நாகமணி அக்காவிடமே கேட்டேன். மெழுகுக் கட்டிகளை வரிசையாக ஐஸில் அடுக்கிக்கொண்டிருந்தார். லேப்டாப்பில் படத்தைக் காட்டினேன்.

"அக்கா, இந்த ரெண்டு எதுக்கு?"

"எந்த ரெண்டுங் மேடம்?"

"இதுதான். ரெண்டு."

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏனுங் மேடம், தமிழ்தானுங்களே உங்களுக்கு? இது பிள்ளையார் சுழிங்க."

எனக்கு நிஜமாகவே முகம் சூடாகிவிட்டது. எங்கள் வீட்டில் தமிழ் எண் உண்டு, பிள்ளையார் சுழி கிடையாது. அம்மா மளிகைச் சீட்டின் தலையில் போட்டுவிட்டால்கூட அப்பா அந்த ஓரத்தைக் கிழித்துவிட்டுத்தான் கடைக்கு எடுத்துப் போவார். இரண்டும் ஒரே வடிவம் என்று இருபத்தொன்பது வயதில் எனக்கு உறைக்கிறது.

"எல்லா ஸ்லைடுலயும் போடுவீங்களா?"

"எல்லாத்துக்கும் போட்டா சாமி எதுன்னு பாப்பாருங்க? வெட்டறப்பவே தெரியுமுங்க. கத்தி மணல்ல போற மாதிரி நரநரங்கும். ஊசியில எடுத்த துண்டுன்னா தண்ணியில மிதக்குதா, முங்குதான்னு பாப்பேன். வெறும் கொழுப்பு மிதக்கும். கெட்டியா இருந்தா முங்கும். அந்தப் புள்ளைகளுக்கு மட்டும் ஒண்ணு போட்டு விடுவேன். அவங்க ஆரு எவருன்னு எனக்குத் தெரியாதுங்க. நம்பரு மட்டுந்தான். ஏதோ, எம்மட்டுக்கு."

"துடைக்கச் சொன்னேனே அக்கா."

"துடைச்சேனுங்களே. டாக்டரம்மா வெச்ச புள்ளி பூராம் துடைச்சேன். இதை எப்படிங்க துடைக்கறது? சுழிங்க."

மே மாதம் பற்றிக் கேட்டேன். "அப்ப நான் லீவுங்க. பெரியவ கல்யாணம். உங்களுக்குப் பத்திரிகை குடுத்தேன், நீங்கதான் வரலை."

அப்படியானால் மூன்று வருடமாக நான் கம்ப்யூட்டருக்குப் புற்றுநோயைக் கற்றுக்கொடுக்கவில்லை. நாகமணி அக்காவின் பயத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஈரோட்டில் நாகமணி இல்லை. தாலுகா மருத்துவமனைகளிலும் இல்லை.

அவரிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. "தப்பாயிருச்சுங்களா மேடம்?" என்று கேட்டார். இல்லை என்றேன். தப்புத்தான்.

அக்டோபர் 17, வெள்ளி

மூலையை மறைத்துவிட்டு ஓட்டினேன். எழுபத்துநான்கு.

4417-ஐ மறுபடி திறந்தேன். ஓரத்தில் சுழி இல்லை. அதனால்தான் 0.03. அந்த எண்ணுக்கு ஒரு மதிப்பும் இல்லை.

ஆனால் இப்படியும் யோசிக்கலாம். சுழி இல்லையென்றால் நாகமணி அக்கா பயப்படவில்லை. அவர் கணிப்பு பெரும்பாலும் தவறுவதில்லை என்பதற்கு என்னிடம் மூன்று வருடத் தரவு இருக்கிறது. ஆகவே எண் பொய், எண் சொன்ன சேதி மெய். இது தர்க்கமா, நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானமா? மூன்று தாளில் எழுதிப் பார்த்தேன். ஒரு தாளில் சரி, ஒரு தாளில் தவறு, மூன்றாவதில் பாதியில் மளிகைச் சாமான் எழுதியிருக்கிறேன்.

கிருபாகரன் சாருக்கு இன்னும் சொல்லவில்லை. ஆய்வின் தலைவர் அவர். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஒவ்வொரு படியாகக் கேட்பார். 4417 ஒரு படி இல்லை. சொல்லாமல் விடலாம்.

அக்டோபர் 20, திங்கள். தாராபுரம்

தீபாவளி. அம்மா தலையில் எண்ணெய் வைக்கும்போது, "இடது கையை ஏன் ஒடுக்கியே வெச்சிருக்க?" என்றாள். லேப்டாப் பை கனம் என்றேன். "ஒரு பையைத் தூக்கி இப்படி ஆவாங்களா?" என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை. எண்ணெய் மட்டும் ரொம்ப நேரம் தேய்த்தாள்.

கூடத்துக் கடிகாரம் நின்றுபோயிருக்கிறது. பேட்டரி மாற்றிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 22, புதன்

நாகமணி அக்கா எல்லோருக்கும் அதிரசம் கொண்டுவந்திருந்தார். எனக்கு மட்டும் தனி டப்பா. அது எனக்கு உறுத்தியது. சாயம் போடும் அறையில் அவர் தனியாக இருந்தபோது போனேன்.

"அக்கா, நாலாயிரத்து நானூத்திப் பதினேழு."

அவர் கையிலிருந்த ஸ்லைடுத் தட்டைக் கீழே வைத்தார். எந்த எண் என்று கேட்கவில்லை.

"தெரியுமா?"

"வருகைப் பதிவேட்டுல தினம் உங்க கையெழுத்துக்குக் கீழதானுங்க என் கையெழுத்து. யாழ்வேணின்னு எத்தனை பேரு இருக்காங்க ஊருக்குள்ள?"

"அதுல சுழி இல்லையே."

"ஆமாங்க."

"அப்படின்னா பயப்பட ஒண்ணும் இல்லைன்னுதானே?"

அவர் கையுறையைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். "ஸ்லைடு ஓரத்துல போடப் பேனாவைக் கையில எடுத்துட்டேனுங்க. எப்பவும் நம்பரைத்தான் பாப்பேன், அன்னைக்குச் சீட்டுல பேரையும் பாத்துட்டேன். போடலை. போட்டா நான் பயப்படறேன்னு ஆயிடுமுங்களே. எதுக்கு நான் போடணும்? உங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க."

"மிதந்துச்சா?"

"ஒண்ணு மிதந்துச்சுங்க."

ஒன்று மிதந்தது.

நான்கு முறை சத்தம் வந்தது. எண்ணியிருக்கிறேன்.

அக்டோபர் 23, வியாழன்

ரிப்போர்ட்டைக் கீழே போய் வாங்க வேண்டியிருக்கவில்லை. டாக்டர் ஷம்ஷாத் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு அவரே கொடுத்தார். "பதினஞ்சாம் தேதியே பாதி தெரியும். முழுசாத் தெரியாம உன்கிட்ட வாயைத் தொறக்கக் கூடாதுன்னு இருந்தேன்." புற்றுநோய். ஒன்றரை சென்டிமீட்டர், ஆரம்ப நிலை. "அறுத்து எடுத்துட்டு மருந்து குடுத்தா நல்லாயிடற வகைதான். நான் சும்மா சொல்ற ஆள் இல்லைன்னு உனக்குத் தெரியும்." தெரியும். அவர் யாரையும் சமாதானப்படுத்தி நான் பார்த்ததில்லை. எழுதி வைக்கிறேன், பிறகு படித்துப் பார்த்துக்கொள்ள.

அழுகை வருமென்று காத்திருந்தேன். பசித்தது. டப்பாவில் இருந்த அதிரசத்தைத் தின்றேன். பிறகு டாக்டர் ஷம்ஷாத்தையும் அழைத்துக்கொண்டு கிருபாகரன் சார் அறைக்குப் போனேன்.

சுழி பற்றிச் சொன்னதும் சார் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "சரி. மூலையை மறைச்சா எழுபத்துநாலு வருதில்ல? வெள்ளோட்டம்தானேம்மா. அழைப்பிதழ் அடிச்சாச்சு. ஓட விட்டுட்டே திருத்திக்கலாம்."

"கடைசி வரிசைக்குப் போறவங்க ஒரு மாசம் காத்திருப்பாங்க சார்."

"காத்திருந்தா என்ன ஆயிடும்னு சொல்ல உங்கிட்ட என்ன இருக்கு? சதவீதத்தைச் சொன்னா மேலிடத்துல யாருக்கும் புரியாது. ஒரே ஒரு கேஸ் காட்டு. மாடல் ஒண்ணுமில்லைன்னு சொல்லி, ரிப்போர்ட்டுல இருக்குன்னு வந்தது. பழசு வேண்டாம், இந்த மாசத்துது."

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். 4417. ஓரம் சுத்தம். 0.03. பக்கத்தில் ரிப்போர்ட்டை வைத்தேன். பெயரிருந்த மேல்பகுதியை மடித்திருந்தேன்.

சார் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "நம்ம வரிசைப்படி பார்த்தா இந்தம்மா நவம்பர் பாதியிலதான் டாக்டர் கண்ணுலயே பட்டிருப்பாங்க."

"ஆமா சார்."

"இன்னும் பத்து, இருபது இப்படி இருக்கலாம்." ரிப்போர்ட்டை எடுத்தார். "யாரு இந்த பேஷன்ட்? அவங்க சம்மதிச்சா இதையே மேல அனுப்பலாம். போன் நம்பர் இருக்கா?"

டாக்டர் ஷம்ஷாத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் வாழ்க்கையில் எதையும் யாரிடமும் சொல்லாமலே இருந்துவிட முடியும் என்று நினைத்திருந்தேன். இந்தக் குறிப்பேட்டுக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை. திருப்பிப் பார்த்தால் தெரிகிறது. மடிப்பை நானே பிரித்தேன்.

"சம்மதம்தான் சார்," என்றேன். "விதியை மீறி ஓட்டினேன். அதையும் சேர்த்து எழுதித் தர்றேன்."

அவர் பெயரைப் படித்தார். படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "அழைப்பிதழைக் கிழிச்சுப் போடச் சொல்லிடறேன்மா," என்றார்.

அக்டோபர் 25, சனி

அம்மாவிடம் சொன்னேன். "எண்ணெய் தேய்க்கறப்பவே நினைச்சேன்," என்றாள். அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டாள். இப்போது என் சமையலறையில் பாத்திரங்களை எல்லாம் இடம் மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

நவம்பர் 3, திங்கள்

வெள்ளோட்டம் தொடங்கியிருக்க வேண்டிய நாள். தொடங்கவில்லை. புதிய சுற்றறிக்கை எழுதினேன்: கண்ணாடியில் எந்தக் குறியும், எந்தக் காரணத்துக்காகவும், இருக்கக் கூடாது. "எந்தக் காரணத்துக்காகவும்" என்பதை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். மூன்று வருட ஸ்லைடுகளையும் துடைத்து முதலிலிருந்து ஸ்கேன் செய்ய வேண்டும். நாகமணி அக்கா தானே துடைப்பதாகச் சொல்லிவிட்டார். வேறு கை பட வேண்டாமாம்.

மாடல் நன்றாக வருமா? தெரியாது. நான் நன்றாக ஆவேனா? டாக்டர் ஷம்ஷாத் சும்மா சொல்கிற ஆள் இல்லை. இரண்டு கேள்வியையும் ஒரே பக்கத்தில் எழுதியிருக்கக் கூடாது.

நவம்பர் 5, புதன்

நாளைக் காலை அறுவை. வார்டில் சேர்ந்துவிட்டேன். குறிப்பேட்டைத் தலையணைக்கு அடியில் வைக்க இடமில்லை. அம்மாவிடம் கொடுக்க வேண்டும். படிக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். படித்தாலும் சரி.

மத்தியானம் நாகமணி அக்கா லேப் உடையோடு இறங்கி வந்தார். அம்மா கொடுத்த காப்பியை நின்றபடியே குடித்தார். ஏதோ கேட்க வந்தவர் மாதிரி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு உங்களோடது மேல வருமுங்க."

"ஆமாக்கா."

"சுற்றறிக்கை படிச்சேன். கையெழுத்தும் போட்டுட்டேன்." டம்ளரை வைத்தார். "எதுவும் போடக் கூடாதுங்களா மேடம்?"

"கண்ணாடியில போடக் கூடாது."

அவர் தலையாட்டிவிட்டுக் கதவு வரைக்கும் போனார்.

"அக்கா," என்றேன். "டப்பா மூடியை நாங்க ஸ்கேன் பண்றதில்லை."